சாமியைப் பிடிக்காதவன்

அன்றைய ஞாயிற்றுப் பூசையில் மதலேனம்மாளுக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. முழங்காலிட வேண்டிய இடத்தில் நின்றாள், நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தாள். கண் பீடத்தில் இல்லை, வாசலில் இருந்தது. மகன் ஷைஜு வருவானா? வந்தால் என்ன சொல்லித் தொலைப்பான்? வராவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள்? இரண்டு வாரமாக இதையேதான் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் மகள் ஜிஷாவுக்கு மூன்றாம் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கலாம் என்பார்கள். வழக்கத்துக்குச் சொல்வதுதான். பள்ளிவாசல் என்கிற அந்த ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் அவளுக்குத் தெரிந்து யாரும் எழுந்துபோய்த் தடை சொன்னதில்லை. ஆனால் அந்த வரியைக் கேட்டாலே இப்போது அவள் கண் வாசலுக்கு ஓடியது. தடை அவள் வயிற்றிலேயே பிறந்து, வளர்ந்து, மூணாற்றுக்கு வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்ததே!

முதல் ஓலை நல்லபடியாகத்தான் போனது. அந்த வாரம்தான் வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தில் ஒரு கூட்டம். நாலு பையன்கள் கூடி எதையாவது பேசித் தீர்ப்பார்கள், அன்று மதத்தைப் பேசினார்கள். ஷைஜு எழுந்து பேசியதை எவனோ போனில் பிடித்தான். முழுதாக விட்டிருந்தாலும் பரவாயில்லை, முதல் இரண்டு வரியை மட்டும் நறுக்கி ஊரெல்லாம் அனுப்பிவிட்டான்.

"எனக்குச் சாமியப் புடிக்காது. இத ஒளிச்சுப் பேச வேண்டிய அவசியமும் எனக்கு இல்ல."

அவ்வளவுதான். அதில்தான் ஒரு கூத்து நடந்தது. எஸ்டேட்டில் மற்ற எல்லோருக்கும் சாமி என்றால் கோயிலுக்குள் இருக்கிற சாமி. கத்தோலிக்கச் சனங்களுக்குச் சாமி என்றால் பங்குச் சாமியார். மேலே இருக்கிறவரை ஆண்டவர் என்பார்கள், கீழே இருக்கிறவரைப் பார்த்துத்தான் "தோஸ்திரம் சாமி" என்று கைகூப்புவார்கள். ஆகவே, ஷைஜுவுக்குப் புதுச் சாமியாரைப் பிடிக்கவில்லையாம் என்று பேச்சுக் கிளம்பியது.

மதலேனம்மாளுக்கு மகன் எந்தச் சாமியைச் சொன்னான் என்று சந்தேகமே இல்லை. வீட்டில் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறான், அவளும் பலமுறை அவன் வாயைப் பொத்தியிருக்கிறாள். ஆனாலும் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி, "ஒம்மவனுக்கும் சாமிக்கும் என்னட்டி சண்ட?" என்று கேட்டபோது, அவள் அந்தக் கேள்வியை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"என்னமோ மனஸ்தாபம்க்கா. வாலிபப் பய, வாய் நீளம்."

சொன்ன பிறகு பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. பாவம், அந்தச் சாமியார் ஒரு பாவமும் அறியாதவர். கோட்டயம் பக்கத்து மலையாளி. தமிழ்ப் பூசைக்காகப் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர். ஷைஜுவின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து கால்பந்து பேசிக்கொண்டு வருகிறவர். அவர் தலையில் பழியைத் தூக்கிப் போட்டாயிற்று.

மாப்பிள்ளை பினுவின் அப்பா பொன்ராஜ் கோயில் கமிட்டியில் பெரிய ஆள். அந்த வாரமே வீட்டுக்கு வந்து, போட்டுக் கொடுத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்தார்.

"யம்மா, சாமியாரப் புடிக்கலன்னா அது ஒரு விசயமே இல்ல. முந்தி இருந்த சாமியார எனக்கே ஆகாது. ஆண்டவரே வேண்டாம்னு சொல்லியிருந்தாம்னா சம்பந்தத்த இப்பவே முறிச்சிருப்பேன். ஒங்க வீட்டுக்காரர் சுவக்கீனும் இப்ப உசுரோட இல்ல. பொண்ணக் கைபுடிச்சு பீடத்துக்குக் கூட்டிட்டு வரப்போறவன் இவன்தான். மூணாம் ஓலை அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் சாமிகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுரட்டும். இல்லன்னா எங்க சனத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது."

போகும்போது வாசலில் நின்று, "இதெல்லாம் எவன் இவனுக்குச் சொல்லிக் குடுத்தான்?" என்றும் கேட்டார். ஊரே அதைத்தான் கேட்டது. அவளும் கேட்டிருக்கிறாள்.

அன்று மாலையே மகனிடம் மன்றாடினாள். "ஒரே ஒரு வார்த்தய்யா. அவருகிட்டதான கேக்கச் சொல்லுதாக?"

"நான் அவரச் சொல்லவே இல்லையேம்மா."

"அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாம்லா?"

"நல்ல மனுசன்மா அவரு. எனக்கு அவர ரொம்பப் புடிக்கும். செய்யாத தப்புக்கு அவருகிட்ட மன்னிப்புக் கேட்டா, அவரு மேல எனக்கு ஏதோ கோவம் இருந்துச்சுன்னு ஆயிரும். அது பொய்யில்லையா?"

"எந்த வீட்லயும் சொல்லாத பொய்யா?" என்று அவள் சீறினாள். "அவனவன் நெஞ்சுக்குள்ள என்னென்னத்தையோ வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை வந்து நிக்கான். நீ மட்டும் ஏம்ல ஒலிபெருக்கி வைக்க?"

அடுப்படியில் ஜிஷா பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டது. பினு அவள் ஆசைப்பட்டு, அழுது, அடம்பிடித்து முடிவான பையன். "அண்ணன விடும்மா" என்று உள்ளிருந்தே சொன்னாள். சொன்ன குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்டு ஷைஜு தலையைக் குனிந்துகொண்டதை மதலேனம்மாள் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளில் எந்தப் பிள்ளைக்காக அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று. தடை என்று யாரும் இருமக்கூட இல்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், ஷைஜு ஜீப்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கோயில் முற்றத்துக்குள் வரவில்லை, வெளியேயும் நிற்கவில்லை. கேட்டுக்கு நேரே நின்றான். வீட்டுக்குப் போக வேண்டிய சனம் ஒன்றும் போகவில்லை. செருப்பைத் தேடுகிற பாவனையில் பாதிப்பேர் அங்கேயே நின்றார்கள்.

சாமியார் அங்கியைக்கூடக் கழற்றாமல் நேரே அவனிடம் நடந்தார். ஜிஷா அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஷைஜு, என்மேல் உனக்கு என்ன வருத்தம்?" புத்தகத் தமிழில் கேட்டார் சாமியார். "நான் இரண்டு வாரமாக யோசிக்கிறேன். பிரசங்கம் நீளமா?"

"ஒங்க மேல ஒண்ணுமே இல்ல ஃபாதர். நான் ஒங்களச் சொல்லல."

சாமியாரின் முகம் விளக்குப் போட்டாற்போல் மலர்ந்தது. தன்னைப் பிடிக்கவில்லை என்றதும் மனுஷன் எவ்வளவு வாடிப்போயிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. மலர்ந்த முகம் அடுத்த நொடியே தடுமாறியது. அவரைச் சொல்லவில்லை என்றால் வேறு யாரைச் சொன்னான் என்பது அவருக்கும் உறைத்துவிட்டது.

"பின்ன யாரச் சொன்ன?" பொன்ராஜ் முன்னால் வந்தார்.

முடிந்தது என்று மதலேனம்மாள் நினைத்தாள். மகளுக்கு எடுத்த பட்டு, சொல்லிவிட்ட சொந்தம், பினுவின் பெயரைச் சொல்லும்போது ஜிஷா சிரிக்கிற சிரிப்பு, எல்லாம் இந்தப் பயல் வாயில் இருந்தது. ஆண்டவரே, அவன் நாக்கைக் கட்டும் என்று வேண்டினாள். யாரை மறுக்கப் போகிறானோ அவரிடமே போய் வேண்டுகிறோமே என்றும் தோன்றியது.

சாமியார் குறுக்கே கை நீட்டினார். "பொன்ராஜ், இது எனக்கும் இவனுக்கும் உள்ள பேச்சு."

"இல்ல சாமி. ஊரறியச் சொன்னது ஊரறிய முடியணும். மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க."

ஷைஜு அம்மாவைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். ஜிஷா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. அவன் பொன்ராஜ் பக்கம் திரும்பினான்.

"மன்னிப்புக் கேக்க மாட்டேன் மாமா. சொன்னத மாத்தவும் மாட்டேன். வேணும்னா அதையே ஒங்க எல்லாரு முன்னாலயும் இன்னொருக்கச் சொல்லுதேன். ஃபாதருக்கு அதுல சங்கடம் இல்லன்னா விட்ருவீகளா?"

பொன்ராஜ் யோசித்தார். "சொல்லு."

ஷைஜு சாமியாருக்கு நேரே நின்றான்.

"எனக்குச் சாமியப் புடிக்காது."

வாயனசாலையில் சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்து கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சாமியாரின் மூக்கு சிவந்துவிட்டது.

"எனக்குச் சங்கடம் இல்லை," என்றார் மெதுவாக. "பிடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவனுக்கு உரிமை இல்லையா?" அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். விட மனமில்லாதவர்போல் பிடித்திருந்தார்.

பொன்ராஜ் மரமண்டை இல்லை. கணக்குப் புரிந்தவர்தான். ஆனால் அவருக்கும் மகன் கல்யாணம் நடக்க வேண்டும். அவன் சொன்ன வார்த்தையில் தனக்குத் தோதான சாமியை அவர் எடுத்துக்கொண்டார். "சாமியே பெரிய மனசு பண்ணிட்டாக, பெறகு நமக்கென்ன?" என்று சத்தமாகச் சொன்னார். சனம் செருப்பைக் கண்டுபிடித்துக் கிளம்பியது. சம்பந்தியம்மா ஜிஷாவைக் காப்பி குடிக்கத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

மதலேனம்மாள் ஜீப்பில் ஏறினாள். எப்படியோ கல்யாணம் நடக்கும். சிரிக்கலாம் என்று திரும்பினால், வண்டி ஓட்டுகிறவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்த மனுசன் மூஞ்சியப் பாத்து அப்படிச் சொல்ல வச்சுட்டீகளேம்மா."

"அவருக்குத் தெரியும்யா."

"தெரியும். அங்க நின்ன பாதிப்பேருக்குத் தெரியும். யாருக்கும் நான் பேசக் கூடாதுன்னு இல்ல. வெளங்குற மாதிரி பேசக் கூடாது, அவ்வளவுதான்."

தேயிலைச் சரிவு இருபுறமும் நகர்ந்தது. அவளுக்கு அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. எவன் சொல்லிக் குடுத்தான் என்று ஊர் கேட்டது, பொன்ராஜ் கேட்டார், பெற்றவள் அவளும் கேட்டாள். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சாமியார்கூடக் கேட்கவில்லை. மற்றவர்கள் சங்கதி அவளுக்குத் தெரியாது. அவள் கேட்காததற்குக் காரணம் பயம்தான். கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் அல்ல. அவன் சொல்கிற பதில் சரியாக இருந்துவிட்டால்? இத்தனை வருஷம் முழங்காலிட்ட முழங்காலை அப்புறம் என்ன செய்வது?

"வண்டிய ஓரமா நிறுத்துய்யா," என்றாள்.

நிறுத்தினான்.

"ஏன்யா ஒனக்குப் புடிக்கல?"

அவன் நம்பாமல் திரும்பிப் பார்த்தான். பிறகு இஞ்சினை அணைத்தான். மதலேனம்மாள் பூசைக்குப் போட்ட முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு அவன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.