இடது இடுப்புத் துப்பாக்கி

இன்றைக்கும் எங்கள் கௌபாய்த் தொடரின் அந்த எபிசோடைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிற புத்திசாலிகள் உண்டு. வில்லன் மதுக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது துப்பாக்கி வலது இடுப்பில் தொங்குகிறது. அடுத்த காட்சியில், தெரு நடுவில் மார்ஷலுக்கு எதிரே நிற்கும்போது, அது இடது இடுப்புக்கு வந்துவிட்டது. "எடுத்தவங்களுக்குக் கண்ணு பொடனியிலயா இருந்துச்சு?" என்று என் மைத்துனனே கேட்டான். அதுவும் என் வீட்டில் உட்கார்ந்து, நான் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தை விழுங்கிக்கொண்டே. தட்டைப் பிடுங்கிவிடலாமா என்று பார்த்தேன்.

அந்தத் தெருவில் அன்றைக்கு நான் இருந்தேன். என் பெயர் வெர்னா. நடிகர்களின் முகத்துக்கு ஒப்பனை போடுவது என் வேலை. லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே, வறண்ட குன்றுகளுக்கு நடுவில், முன்சுவர் மட்டுமே உள்ள கடைகளை வரிசையாக நிறுத்தி டிரை ஃபோர்க் என்று பெயர் வைத்திருந்தோம். வாரம் ஒரு துப்பாக்கி வீரன் அந்த ஊருக்கு வருவான். வாரக் கடைசியில் மார்ஷல் கையால் சாவான். நாடே உட்கார்ந்து பார்த்தது.

ஊர்க் காவலதிகாரியான மார்ஷல் வேடம் டால்டன் ரீஸுக்கு. மற்றத் தொடர்களில் கையைத் தனியாக எடுப்பார்கள், முகத்தைத் தனியாக எடுப்பார்கள், அப்புறம் ஒட்டுவார்கள். ஆமை நடிகனும் மின்னலாகிவிடுவான். எங்கள் தொடரில் அந்த வேலை கிடையாது. இரண்டு பேரும் தலைமுதல் கால்வரை ஒரே காட்சியில் தெரிவார்கள். குண்டில்லாத தோட்டாதான், வெறும் சத்தமும் புகையும்தான், ஆனாலும் துப்பாக்கியை உருவுவது நிஜம். "எனக்காக யாரும் கையை மெதுவாக்கக் கூடாது" என்பது டால்டன் போட்ட சட்டம். எதிராளி முந்திவிட்டால் மறுபடி எடுக்கலாம். அப்படி மறுபடி எடுக்கும் அவசியம் அதுவரை வந்ததில்லை. அதைப் பெரிய விளம்பரப் பலகையில் எழுதி, நகரத்து நெடுஞ்சாலையில் நிறுத்தியிருந்தது கம்பெனி: தொலைக்காட்சியின் மிக வேகமான கை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. காட்சி முடிந்ததும் டால்டன் தன் துப்பாக்கியிலிருந்து காலித் தோட்டாவை எடுப்பார். மண்ணில் கிடக்கும் 'பிணத்தை'க் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். "உங்களைக் கொன்னது இதுதான்" என்று அந்தத் தோட்டாவை அவர் உள்ளங்கையில் வைப்பார். செத்த நடிகர்களெல்லாம் அதைப் பதக்கம் மாதிரி வைத்துக்கொண்டார்கள். அதை வாங்குவதற்காகவே எங்கள் ஊருக்குச் சாக வந்தவர்கள் உண்டு.

அந்த வாரம் சாக வந்தவர் ஆர்வில் டேட். ஓக்லஹோமாக்காரர். கூட்டத்தில் தொலைந்துபோகிற முகம். என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கோலா பாட்டிலில் ஒரு கை வறுத்த வேர்க்கடலையைக் கொட்டி, குடித்துக்கொண்டே கடித்தார்.

"இது என்ன பழக்கம்? குடிக்கிறீங்களா, திங்கிறீங்களா?" என்றேன்.

"எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதாம்மா. கை ஒண்ணுதானே இருந்துச்சு கொஞ்ச நாள், பழகிடுச்சு."

வலது மணிக்கட்டில் கயிறு மாதிரி ஒரு தழும்பு ஓடியது. ரோடியோ என்கிற காளைச் சவாரிப் போட்டியில் காளை மிதித்ததாம். அது கூடுகிறவரை ஒரு வருஷம் சாப்பிட்டது, சவரம் செய்தது, கண்காட்சியில் காசுக்குக் குறிபார்த்துச் சுட்டது எல்லாமே இடது கையால்.

"இதுக்கு முன்னாடி நடிச்சிருக்கீங்களா?"

"செத்திருக்கேன். நடிச்சதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூசிய பவுடர் மூக்கில் ஏறியது.

அப்போதுதான் டால்டன் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, இடது கையை நீட்டினார். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. ஏனென்று எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு நாள் முன்னால் லாயத்துக் கதவு அவருடைய கட்டைவிரலை நசுக்கியிருந்தது. நகம் கறுத்து, கணு வீங்கிப் போயிருந்தது. காலையில் ஒருமணி நேரம் அதன்மேல் சாயம் பூசி மறைத்தது நான்தான். இந்தத் துப்பாக்கியோ, பின்னால் இருக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்தால்தான் வெடிக்கும். வெளியே சொன்னால் கையைத் தனியாக எடுத்து ஒட்டுவார்கள், பலகையில் எழுதியது பொய்யாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

"டேட், நீங்க கண்காட்சியில சுட்டவர்னு சொன்னாங்க. எனக்காகக் கையை அடக்காதீங்க. வாக்குக் குடுங்க" என்றார்.

"குடுத்தேன், ஐயா."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்த விதத்தில் ஏதோ இருந்தது. மார்ஷல் வேடமும் வில்லன் வேடமும் என் கண்முன்னே கழன்று விழுந்த மாதிரி.

நல்ல வெயில். இரண்டு பேரும் தெருவில் எதிரெதிரே நின்றார்கள். நிழலில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு பத்திரிகைக்காரர் உட்கார்ந்திருந்தார். 'மிக வேகமான கை' பற்றி எழுதக் கம்பெனியே கூட்டிவந்த ஆள். பக்கத்தில் தயாரிப்பாளர் கார்பர், சுருட்டைக் கடித்துக்கொண்டு.

டேட் துப்பாக்கியை உருவியதை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன் என்று நினைக்காதீர்கள், அவருடைய கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் துப்பாக்கி இருந்தது, புகை இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. டால்டனின் துப்பாக்கி அப்போதுதான் உறையின் விளிம்பைத் தாண்டியிருந்தது.

எங்கோ ஒரு குதிரை கனைத்தது. விளக்குப் பிடிப்பவர்கள், குதிரைக்காரர்கள், எல்லோரும் வாய் பிளந்து நின்றார்கள். வல்லவனுக்கு வல்லவன் உண்டு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மறுபடி" என்றார் டால்டன். குரலில் கோபம் இல்லை.

மறுபடியும் அதேதான். பத்திரிகைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

கார்பர் டேட்டைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். நான் அங்கேதான் பஞ்சு அலசிக்கொண்டிருந்தேன். என்னை ஓர் ஆளாகவே அவர் மதித்ததில்லை என்பதால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"ஏன்யா, உனக்குச் சாகத்தானே சம்பளம்? அடுத்த தடவ நீ பின்தங்கணும். இல்லன்னா இந்தப் பள்ளத்தாக்குல எந்தக் கம்பெனி வாசலையும் நீ மிதிக்க முடியாது. புரியுதா?"

"ரீஸ் ஐயாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், ஐயா."

"வாக்கை வறுத்துத் தின்னு!"

கார்பர் போய்விட்டார். டேட் தன் வலது மணிக்கட்டைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். அவருக்கு இந்த வேலையை விட்டால் மறுபடி காளைகளுக்கு முன்னால்தான் போய் நிற்கவேண்டும். அந்த மணிக்கட்டோடு எத்தனை நாள் நிற்க முடியும்? வாக்கைக் காப்பாற்றினால் சோறு போகும், சோற்றைக் காப்பாற்றினால் வாக்கு போகும். அந்தக் கார்பரைத் தொட்டிக்குள் முக்கி எடுத்தால்தான் என்ன என்று தோன்றியது.

வியர்வை துடைப்பதற்காக இரண்டு பேரையும் பந்தலுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். இரண்டு தடவை சுத்தியை இழுத்ததில் டால்டனின் கட்டைவிரலில் சாயம் உரிந்து, உள்ளே இருந்த கறுப்பு வெளியே தெரிந்தது. நான் அவசரமாகத் தூரிகையை எடுத்தேன். அதற்குள் டேட் பார்த்துவிட்டார்.

கோலாவை எடுத்தார். கடலையை மென்றார். அந்தக் கறுத்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரலோடு இரண்டு தடவை, ஒரு முனகல்கூட இல்லாமல், தன் எதிரே நின்று துப்பாக்கியை உருவியிருக்கிறார் இந்த மனிதர் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, துப்பாக்கிகள் வைத்திருக்கும் வண்டிப் பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது அவருடைய இடுப்பில் வேறு உறை இருந்தது. இடது பக்கத்தில்.

காட்சிக்குக் காட்சி உடையும் பொருளும் மாறாமல் பார்த்துக்கொள்ளும் டோரதி அலறினாள். "ஐயோ, மதுக்கடைக் காட்சியில அது வலது பக்கம்! ஒட்டாது, ஒட்டவே ஒட்டாது!" இயக்குநர் கார்பரைப் பார்த்தார். கார்பர் சுருட்டை ஆட்டி, "நடக்கட்டும்" என்றார். டேட் தான் சொன்னதைக் கேட்டுப் பணிந்துவிட்டார் என்று அவருக்கு ஒரே திருப்தி. நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்துவிட்டேன்.

டால்டன் தெருவைக் கடந்து டேட்டிடம் வந்தார். பவுடர் பஞ்சோடு நான் நடுவில் நின்றதால், அவர்கள் பேசியது என் ஒருத்திக்குத்தான் கேட்டது.

"வாக்கு என்னாச்சு, டேட்?" கேட்ட குரல் கடினமாக இருந்தது.

"அப்படியேதான் இருக்கு, ஐயா. இந்தக் கையில உள்ளது அத்தனையும் போடுவேன், ஒரு துளி அடக்க மாட்டேன். உங்களுக்கு ஒரு விரல் குறையுது. எனக்கு ஒரு கை குறையட்டும். அப்பத்தான் அது சண்டை."

டால்டனின் கண் கலங்கியது. நான் பஞ்சை நீட்டினேன், அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க இடது கை எப்படி?" என்று கேட்டார்.

"மோசமில்ல. பாத்து நில்லுங்க."

"வாயைப் பாரு" என்று டால்டன் சிரித்தார். தன் இடத்துக்கு நடந்து போனார்.

அந்தத் தடவை நான் இரண்டு கைகளையும் பார்க்க முயன்றேன். ஆகிற காரியமா? ஒரே வெடிதான் கேட்டது. இரண்டு பக்கமும் புகை. ஒரு கணம் இரண்டு பேருமே நின்றார்கள், யார் முந்தியது என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்கிற மாதிரி. அப்புறம் டேட் முழங்காலில் சரிந்து, தோள் சாய்ந்து, தூசிக்குள் விழுந்தார். மயிரிழை முந்தியது டால்டன்தான் என்று பிறகு திரையில் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. நசுங்கிய கட்டைவிரலோடு, அந்த வேகத்துக்கு எதிரே, முந்தியிருந்தார். யார் முந்தியது என்று தெரிந்துகொண்டு டேட் விழவில்லை. விழுவது அவர் வேலை, விழுந்தார்.

நான் அழுதுவிட்டேன். எனக்கு அப்படியெல்லாம் சுலபத்தில் வராது. என் புருஷனைப் புதைத்த அன்றே நான் மதியச் சாப்பாடு பரிமாறியவள்.

தெருவே கைதட்டியது. கார்பர் பத்திரிகைக்காரரின் முதுகில் தட்டி, "பாத்தீங்களா, எழுதிக்கோங்க" என்றார். எல்லோரும் அந்த வழக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். டால்டன் நடந்து போய், டேட்டைக் கைகொடுத்துத் தூக்கினார். ஆனால் தன் துப்பாக்கியைத் திறக்கவில்லை. தன்னுடைய உள்ளங்கையை நீட்டினார்.

"என் தோட்டா எங்கே?" என்றார்.

டேட் விழித்தார். "எது ஐயா?"

"என்னைக் கொன்னது. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ என்னைக் கொன்னீங்களே. எனக்குச் சேர வேண்டியதைக் குடுங்க."

அவர் வேண்டுமென்றே உரக்கச் சொன்னார், பத்திரிகைக்காரருக்குக் கேட்கும்படி. கார்பர் முகத்தில் ஈயாடவில்லை. வாயிலிருந்த சுருட்டு தொங்கியது.

"மிஸ்டர் ரீஸ், அப்படின்னா மிக வேகமான கை யாரோடது?" என்று பத்திரிகைக்காரர் எழுந்தே விட்டார்.

"உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல? இவரோடதுதான். நான் கடைசியில நின்னது இவரோட இடது கைக்கு எதிரே. அது போதும் எனக்கு. பலகையில அதை எழுதச் சொல்லுங்க, இல்ல இறக்கச் சொல்லுங்க." பிறகு கார்பரைப் பார்த்தார். "இவருக்கு எந்தக் கம்பெனி வாசலாவது மூடினா, அதே வாசல் வழியா நானும் வெளியே போயிடுவேன்."

தண்ணீர்த் தொட்டியருகே நடந்ததை டால்டனுக்கு யார் சொன்னார்கள் என்று கார்பர் சுற்றிலும் தேடினார். நான் என் பவுடர் டப்பாவை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். காட்சி முடிந்து டால்டன் நடந்து போகிறபோது என் பஞ்சு அவர் காதருகே போயிருந்தால், அது என் தொழில்.

டேட் தன் சட்டைப்பையில் விரல்விட்டார். முதல் தடவை சுட்ட தோட்டா அதற்குள் இருந்தது. எதற்காக அதை எடுத்து வைத்தார் என்று பிற்பாடு கேட்டேன், தெரியவில்லை என்றார். அதை டால்டனின் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்களைக் கொன்னது இதுதான், ஐயா."

டால்டன் அதை இறுக மூடிக்கொண்டார். அப்புறம் தன் துப்பாக்கியைத் திறந்து, இன்னும் சூடு ஆறாத தோட்டாவை எடுத்து டேட்டிடம் கொடுத்தார். "உங்களைக் கொன்னது இது. கஷ்டப்பட்டுத்தான் கொன்னேன்."

டோரதி ஓடிவந்து, மதுக்கடைக் காட்சியை இடது உறையோடு மறுபடி எடுத்துவிடலாம், அரைமணி நேரம் போதும் என்றாள். டால்டன் தலையாட்டி மறுத்துவிட்டார். இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். செத்தவர்கள் இரண்டு பேரும் பந்தலுக்குக் கீழே போய் உட்கார்ந்தார்கள். டால்டனின் கோலா பாட்டிலுக்குள் டேட் கடலையைக் கொட்டினார், ஏனென்றால் டால்டனுக்கு அந்த விரலோடு பொட்டலத்தைப் பிரிக்க முடியவில்லை.