தவிட்டுக்கு வாங்கிய சாந்தி மேரி

வரதராஜன்பேட்டையில் நாலு வயது சாந்தி மேரிக்குக் கோபம் வந்தால், சுற்றுவட்டத் தோப்புகளில் முந்திரிக்கொட்டைகள் கிளையில் தொங்கியபடியே வறுபட்டுவிடும். பெயரில் மட்டும்தான் சாந்தி. தவக்காலத்தில் அவளுடைய அம்மா சுகன்யா மேரி இரண்டாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றுதான் முதல் தடவை அது நடந்தது. அத்தைக்காரி தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "இவன்தான் உங்கம்மா பெத்தது. ஒன்ன தவுட்டுக்கு வாங்குனோம்டி" என்று சீண்டினாள். இந்தக் கேலிக்குத் தப்பிய பிள்ளை நம் பக்கத்தில் கிடையாது. சின்ன வயதில் தானும் கேட்டதுதானே என்று, தையல் வலியோடு சுகன்யாவும் சிரித்தாள். சாந்தி காலை உதைத்துக் கத்தினாள். வீட்டுக்குப் பின்னால் கொட்டைகள் படபடவென வெடித்தன. வாசனை ஆண்டிமடம் வரைக்கும் போயிற்று.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டை உடைத்து உடைத்து எண்ணெய் பட்டுக் கை வெந்துபோயிருந்த பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம், கண்ணெரிச்சல் வேண்டாம். சாந்தியின் அப்பா ஆண்ட்ரூஸ் மரத்தடியெல்லாம் தார்ப்பாய் விரித்தார். செந்துறையிலிருந்து பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். பிள்ளையைக் கோபப்படுத்துவது ஊர்வேலை ஆயிற்று. பலூனைப் பிடுங்கினார்கள், ஐஸைக் காட்டிவிட்டுத் தாங்களே தின்றார்கள். எதுவும் தவிட்டுக்கு ஈடாகவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு ஒரு தோப்பே பொன்னிறமானது. சுகன்யா மட்டும் பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கொட்டை வெடிக்கும் நாளெல்லாம் பிள்ளையின் உடம்பு கொதித்தது. நெற்றியில் போட்ட ஈரத்துணி போட்ட கையோடு காய்ந்தது. "கோவப்படாத கண்ணு" என்று கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்சச் சூடுதான் ஏறியது.

ஈஸ்டர் முடிந்த வாரம், பெரிய ஆர்டர் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்த முந்திரி வியாபாரி சவரியார், நிஜமாகவே ஒரு தவிட்டு மூட்டையைச் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றார். "இந்தாங்க ஒங்க தவுடு. புள்ளயக் குடுங்க, கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. சாந்தி கத்தவில்லை. அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டு நடுங்கினாள். தோப்பில் கொட்டைகளோடு மரங்களும் தீப்பிடித்தன. கோபம் வந்த பிள்ளை ஒளிந்துகொள்ளுமா என்று சுகன்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கைக்குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"உள்ள எப்புடி இருக்கு சாமி? கோவமா?"

இல்லையென்று தலையாட்டினாள் சாந்தி.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

"ம்."

"அதுக்குப் பேரு பயம். எதுக்கு பயப்படுற?"

"தவுட்ட வாங்கிக்கிட்டு என்னைக் குடுத்துடுவியாம்மா?"

அத்தனை பேர் முன்னாலும் சுகன்யா அழுதாள். பிள்ளையின் விரலைப் பிடித்து முந்தானைக்குள் தன் வயிற்றுத் தழும்பில் வைத்தாள். "மொதல்ல இந்த வழியா வந்தது நீதான். தம்பி வந்ததே நீ தொறந்த வாசல்லதான். அன்னிக்கு அத்தை சொன்னப்ப நான் சிரிச்சது தப்பு. இனிமே பயமாருந்தா பயமாருக்குன்னு சொல்லு, அம்மா வந்துடுறேன்." சாந்தி தழும்பிலிருந்து விரலை எடுக்காமல், "பயமாருக்கு" என்றாள். இன்னும் உரக்க ஒருமுறை சொன்னாள். தோப்பில் தீ அணைந்தது. சவரியார் மூட்டையை மறந்துவிட்டுப் போய்விட்டார். ஆண்ட்ரூஸ் அதைப் பிரித்து மாட்டுக்கு வைத்தார். கடைசி வாய் வரை மாடு தின்று முடிப்பதைச் சாந்தி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் எந்தப் பிள்ளையையும் யாரும் தவிட்டுக்கு வாங்கவில்லை. இப்போது வாசல் மரத்தில் மட்டும் எப்போதாவது சில கொட்டைகள் வெடிக்கும். சுகன்யா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, "எது, பயமா?" என்று கேட்பாள். போன வாரம் சாந்தி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இல்லம்மா, இது நெசமாவே கோவம். தம்பி எம் பொம்மயக் கடிச்சிட்டான்." அம்மாவும் மகளும் மரத்தடியில் உட்கார்ந்து, சூடு ஆறும் முன்னே உடைத்துத் தின்றார்கள்.