கேட்டோ போகவில்லை

எங்கள் ரெடிக் குடும்பத்தில் யார் ஊரைவிட்டுக் கிளம்பினாலும் எங்கள் மூதாதை பெயரில் ஒரு பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போக முடியும்: "கேட்டோ போகலை." டொரன்டோவுக்கு வேலைக்குப் போனவர்கள் கேட்டார்கள், பாஸ்டனில் வாழ்க்கைப்பட்டவர்கள் கேட்டார்கள். என் மகன் வெண்டல் ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்குக் கிளம்பியபோது பஸ் நிற்கிற இடத்தில் நானே சொன்னேன். அவன் ஏறிப் போனான். ஆறு வருஷமாகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வருகிறது, அவ்வளவுதான்.

கேட்டோ எங்கள் முதல் ஆள். வர்ஜீனியாவில் அடிமையாக இருந்தவர். இங்கிலாந்து ராஜா பக்கம் வந்து சேர்ந்தால் விடுதலை என்று பட்டாளத்தார் சொன்னதை நம்பித் தப்பி ஓடினார். அமெரிக்க சுதந்திரச் சண்டையில் ராஜா தோற்றதும், 1783இல், மற்ற ராஜ விசுவாசிகளோடு கனடாவின் இந்த நோவா ஸ்கோஷியாக் கரையில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரர்களுக்கு நல்ல மண் கிடைத்தது, எங்கள் ஆட்களுக்குப் பாறை. எட்டு ஒன்பது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆப்பிரிக்காவுக்கு, சியரா லியோனுக்குக் கப்பலேறிவிட்டார்கள். கேட்டோ மட்டும் பாறையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அவர் மகள் ஹேகார். ஹேகாரின் மகன் சைலஸ். அவனுடைய அப்பன் யாரென்று யாரும் எழுதி வைக்கவில்லை, நாங்களும் தோண்டிக் கேட்டதில்லை. அந்த வழியில் வந்தவர்கள்தான் என் அண்ணன் பர்ன்லியும் நானும். இதுதான் எங்கள் கதை. இதற்குக் காகிதம் எங்கே என்று கேட்டால் உதட்டைப் பிதுக்க வேண்டியதுதான்.

பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் கரண்டி பிடித்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, பதினான்கு வருஷமாக, அந்தக் காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் வீட்டு மாட்டுக்குக்கூடப் பெயரும் நிறமும் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு எழுதியது "ஆண் ஒன்று, பெண் ஒன்று, பிள்ளைகள் மூன்று" என்று ஒரே ஒரு வரி. ஆவணக் காப்பகத்தில் கண் பூத்துப்போகும்வரை பழைய ஏடுகளின் பிலிம் சுருளை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லாமல் பஸ் பிடித்து வீடு வந்து சேருவேன்.

ஆகஸ்டில் இரண்டாவது ஞாயிறு எங்கள் பாப்டிஸ்ட் கோயிலில் எல்லோரும் கூடுவோம். திசைக்கொருவராகப் போனவர்கள் அத்தனை பேரும் வருவார்கள். முன்னோர் பெயர்களைச் சபை ஊழியரான டீக்கன் மேடையில் நின்று வாசிப்பார். இருபது வருஷமாக டீக்கன் பர்ன்லிதான். இந்த வருஷம் கேட்டோவைக் காகிதத்தோடு கொண்டுவருகிறேன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் நான் பீற்றிக்கொண்டிருந்தேன். என் வாய்க்கொழுப்பு.

வியாழக்கிழமை காலையில் வட்டார அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபென்விக் அம்மாள் போன் செய்தாள். விட்கோம் என்ற வெள்ளைக்காரக் குடும்பத்தின் பழைய பண்ணை வீட்டை இடிக்கும்போது ஒரு பெட்டிக் காகிதம் கிடைத்ததாம்.

"லியோட்டா, உங்க ஆள் பேர் இருக்கற மாதிரி தெரியுது. வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். அது ஓர் அடமான வேலைப் பத்திரம். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பிறந்த, மரம் அறுக்கும் கேட்டோ ரெடிக், ஏழு வயது மகள் ஹேகாரை விட்கோம் வீட்டில் வேலைக்கு விடுகிறார். 1789 நவம்பர் தொடங்கி அவளுக்கு இருபத்தொரு வயது ஆகும்வரை. கீழே கையெழுத்து இல்லை, பெருக்கல் குறி மாதிரி ஒரு கீறல். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் வேறு என்ன போடுவார்?

திருப்பினேன். பின்பக்கம் விட்கோமே கிறுக்கியிருந்தான். "1791 டிசம்பர். கேட்டோ மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து பெண்ணைக் கேட்டான். ஒரே ஒரு குளிர்காலத்துக்குத்தான் என்று அவனிடம் படித்துக் காட்டினார்களாம். அவன் போட்ட குறியை அவனுக்கே காட்டினேன். போய்விட்டான்."

பாவிகளா, பச்சைப் பிள்ளையடா! பஞ்சத்தில் பிள்ளை ஒரு குளிர்காலமாவது வயிறாரச் சாப்பிடட்டும் என்று கொண்டுபோய் விட்டிருக்கிறார். பதினான்கு வருஷத்துக்குப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய அடி அடுத்த நிமிஷம் விழுந்தது. ஹாலிஃபாக்ஸ் ஆவணக் காப்பகத்தில், பதினொரு வருஷத்துக்கு முன்னால், சியரா லியோன் போனவர்களின் பட்டியலில் ஒரு வரி பார்த்திருந்தேன்: கேட்டோ ரெடிக், மரம் அறுப்பவர், நார்ஃபோக், மனைவி, மகன்கள் இருவர். இது வேறு கேட்டோ என்று சுருளைச் சுற்றி வைத்துவிட்டேன். எஜமான்மார் நாய்க்குப் பெயர் வைக்கிற மாதிரி வைத்த பெயர். இந்தக் கரையில் கல்லை எறிந்தால் ஒரு கேட்டோ மேல்தான் விழும். நார்ஃபோக் ரெடிக் எஜமானிடமே இன்னொரு கேட்டோ இருந்திருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் கேட்டோவுக்குப் பிள்ளைகள் மூன்று என்று தெரியும். பட்டியலில் இரண்டு என்று இருந்தது. நான் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணிப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஃபென்விக் அம்மாளிடம் ஒரு நகல் வாங்கிக்கொண்டு நேராகப் பர்ன்லி வீட்டுக்குப் போனேன். ஞாயிறு விருந்துக்காக உப்பிட்டுக் காயவைத்த மீனைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தான். நகலை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு, முன்னும் பின்னும் இரண்டு தடவை படித்தான்.

"இது வேற யாரோ கேட்டோ."

"அதையேதான் நானும் பதினொரு வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்று சொல்லி, பட்டியலைப் பற்றியும் சொன்னேன்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நூத்திருபது பேர் வர்றாங்க லியோட்டா. நம்ம பெரியவர் பொண்ணை அடமானம் வச்சுட்டுக் கப்பலேறிட்டார்னு அவங்க முன்னாடி நான் வாசிக்கணுமா?"

"ஏமாத்திட்டாங்கடா அவரை! திரும்பி வந்து கேட்டிருக்கார், பின்பக்கம் போட்டிருக்கு பாரு."

"கேட்டார். அப்புறம் விட்டுட்டுப் போயிட்டார். அவர் எப்படி நின்னாரு, எப்படித் தாங்கினாருன்னு இருபது வருஷமா அந்த மேடையில பேசியிருக்கேன். பென்ஷன் வாங்கற வயசுல என்னைப் பொய்யன் ஆக்கறே."

"நீ அவர் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பே? இன்னும் ரெண்டு பசங்க, சாப்பாடு இல்லை, கப்பல் நிக்குது."

"நான் போயிருக்க மாட்டேன்" என்றான் படக்கென்று. அப்புறம் மீன் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். "தெரியலைம்மா. எனக்குத் தெரியலை."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ஆள் பேரைச் சொல்லி நான் பெத்த பிள்ளையைக் குத்திக் காட்டியிருக்கேன், பர்ன்லி! வயிறு எரியுது எனக்கு."

அவன் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "நான் பாத்துக்கறேன்."

"பூசி மெழுகிடாதே."

"பாத்துக்கறேன்னு சொன்னேன்ல. வீட்டுக்குப் போ."

மூன்று நாள் எனக்கு அழுகைதான். அடுப்பைப் பற்றவைத்தால் அந்தப் பெண் ஞாபகம், வாசலைப் பெருக்கினால் அந்தப் பெண் ஞாபகம். ஏழு வயதில் என்னத்தைப் பெருக்கியிருப்பாள்?

ஞாயிறு கோயிலில் உட்கார இடமில்லை. ஒரு பெயரை வாசித்ததும் அந்த வழியில் வந்தவர்கள் எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். கேட்டோவுக்கு முழுக் கோயிலும் எழும். அதனால் பர்ன்லி மேடை ஏறியதுமே எல்லோரும் கைப்பையை இறக்கி வைத்துவிட்டு முன்வரிசைப் பெஞ்சின் முதுகுப் பலகையைப் பிடித்துத் தயாரானார்கள்.

"ஹேகார்" என்றான் பர்ன்லி.

"டீக்கன், தலையையே விட்டுட்டீங்களே!" என்றாள் பாஸ்டனிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகள் வெர்லி. எல்லோரும் சிரித்தார்கள்.

"விடலை வெர்லி. உக்காந்து கேளு."

முன்பக்கம் படித்தான். பின்பக்கம் படித்தான். கப்பல் பட்டியலையும் சொன்னான். விசிறி ஆட்டுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று.

"இத்தனை வருஷம் நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். ஒரு ஏழு வயசுப் பொண்ணு அடுத்தவன் வீட்டு அடுப்படியில நின்னுட்டிருந்தா. அப்பா வருவார்னு பாத்துட்டிருந்திருப்பா. நாமெல்லாம் அவ பிள்ளைங்க."

முழங்கால் வலிக்காரர்கள் முதற்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். நானும் எழுந்தேன். வெர்லி முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு பேர் இருக்கு" என்றான் பர்ன்லி. "அதை வாசிக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியலை. தேடி அலைஞ்சது என் தங்கச்சி. அவ சொல்லட்டும்."

நூற்றிருபது முகம் என் பக்கம் திரும்பியது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். விட்கோம் அந்தக் குறியைக் காட்டியபோது கேட்டோ எப்படி நின்றிருப்பார் என்று தோன்றியது. திரும்பி நடந்து, காத்திருந்த மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்?

"வாசி" என்றேன். "ஆனா அவருக்கு நான் நிக்க மாட்டேன்."

பர்ன்லி கேட்டோவின் பெயரை வாசித்தான். எல்லோரும் நின்றபடி இருந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். ஹேகாருக்காக மூன்று நாள் அழுது தீர்த்திருந்தேன்; இது அவருக்காக.