ஏஜென்ட் பேசக்கூடாது

ஹேகோப் தாஷ்ஜியான் வீட்டுக் கதவை முதன்முதலாக நான் தட்டியபோது என் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. மேலே இருந்தது வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம். அடியில் இருந்தது எங்கள் கட்சிக்கு நன்கொடை தரும் படிவம். மேலே இருந்ததை மட்டும்தான் அன்றைக்கு வெளியே எடுத்தேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

என் பெயர் லெனர்ட் ப்ரூவெட். இங்கிலாந்தில், லிங்கன்ஷயர் மாவட்டத்து ஹால்ஸ்டன் தொகுதியில் கட்சியின் ஏஜென்ட். ஏஜென்ட் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். துண்டறிக்கை அச்சடிக்க வேண்டும், மழையில் வீடு வீடாகப் போக ஆள் பிடிக்க வேண்டும், எம்.பி. எங்கேயாவது உளறி வைத்தால் பூசி மெழுக வேண்டும், கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் இதைத்தான் செய்தேன்.

எங்கள் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு ஆள் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் சரி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அவரிடம் கட்சி பணம் வாங்கலாம். பெயர் இல்லையென்றால் கோடீஸ்வரனாக இருந்தாலும் வாங்கக்கூடாது. ஹேகோப் பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியர். பத்தொன்பது வயதில் இங்கே வந்து, பனியில் குனிந்து முட்டைக்கோஸ் வெட்டி, நாற்பது குளிர்பதன லாரிகளுக்கு முதலாளி ஆனவர். குடியுரிமை வாங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. பட்டியலில் மட்டும் பெயர் இல்லை. ஓட்டுப் போடுவதெல்லாம் இங்கே பிறந்தவர்கள் வேலை என்று சும்மா இருந்துவிட்டாராம்.

"நானும் போடலாமா, மிஸ்டர் ப்ரூவெட்?" என்று கேட்டார்.

"ஏன் போடக்கூடாது? நீங்க இந்த நாட்டுக்காரர்தானே!" என்றேன்.

மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. காபி போட்டுக் கொடுத்தார். மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவர் மகள் செவான், பதினோரு வயசு, தலையை நீட்டி, "இதுக்கு நாங்க உங்களுக்கு எவ்வளவு குடுக்கணும்?" என்று கேட்டாள். "ஒண்ணுமே வேணாம்மா" என்று நான் சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது தாளோடு போனேன்.

ஐயாயிரம் பவுண்ட் கொடுத்தார். அதற்கப்புறம் வருஷா வருஷம். கட்சி அலுவலகத்துக் கூரை அவர் பணம், அச்சு இயந்திரம் அவர் பணம், சர் ஜைல்ஸ் மூன்று முறை எம்.பி. ஆனதில் பாதி அவர் பணம். கோடை விருந்துக்கு அவர் வருவார். முதல் வருஷம் திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டி, பெரிய தட்டில் எடுத்து வந்தார். எங்கள் ஆட்கள் பன்றிக்கறி அடைத்த அப்பத்தை வெட்டித் தின்றுகொண்டு, அந்தத் தட்டைச் சுற்றி நடந்துபோனார்கள். ஒருத்தர் கை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மறு வருஷம் கடையில் சாசேஜ் ரோல் வாங்கி வந்தார்.

முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'நம்ம ரஷ்யாக்காரர்' என்று பெயர். "நான் ரஷ்யா இல்லை" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் உண்டு. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சரி, நான் எழுதிய ஒரு கடிதத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் எதைச் சொல்லியும் பிரயோசனமில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், தேர்தல் நெருங்குகிற சமயம். எதிர்க்கட்சித் தலைவர் ஹேகோப்பின் கிடங்கைப் பார்க்க வந்துபோனார் என்று காதில் விழுந்ததும், பணம் அந்தப் பக்கம் போய்விடுமோ என்று சர் ஜைல்ஸ் என்னைக் கூப்பிட்டார்.

"லென், அந்தாளுக்கு ஏதாவது பண்ணுய்யா. இந்த மாதிரி ஆளுங்க சும்மா குடுக்க மாட்டாங்க. என்ன வேணுமோ அதைக் கேட்டுத் தொலை."

நான் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். நானே யோசித்தேன். புதுப் புறவழிச்சாலை வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கும் வழி தோர்ப் வென்ட் கிராமத்துப் பக்கம் வருவதாகத் திட்டம். அதை ஹேகோப் கிடங்கின் வாசலுக்கு மாற்றச் சொல்லி, சாலைத் துறைக்கு எம்.பி. எழுதுவது போல ஒரு கடிதம் எழுதினேன். வேலைவாய்ப்பு, பொருளாதாரம், அது இது என்று நன்றாகவே எழுதியிருந்தேன். சர் ஜைல்ஸ் கையெழுத்துப் போட்டார். வழி மாறியது. கிராமத்து ஜனங்கள் இன்றைக்கும் நாலு மைல் சுற்றித்தான் போகிறார்கள்.

நான் பெருமையாகப் போய் ஹேகோப்பிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் கேக்கலையே, மிஸ்டர் ப்ரூவெட்! ஊர்ல என்ன பேசுவாங்க? காசு குடுத்து ரோடு வாங்கிட்டான்னுதானே?"

"யாருக்குத் தெரியப்போகுது? விடுங்க" என்றேன்.

கடிதம் எங்களைத் தவிர யாருக்கும் தெரியாமலேயே இருந்தது. ரோடு எல்லாருக்கும் தெரிந்தது. அவர் சொன்னபடியேதான் ஊர் பேசியது.

போன வருஷம் சர் ஜைல்ஸ் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். பிரபுக்கள் சபையில் இடம் கிடைக்கும் என்று கனவு. புது வேட்பாளரைத் தொகுதி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறுதிப் பட்டியலில் மூன்று பேர். லண்டனிலிருந்து ஒரு வங்கிக்காரர், பக்கத்து மாவட்டத்து உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர் ஒருவர், மூன்றாவது செவான் தாஷ்ஜியான்.

இருபத்தொன்பது வயசு அவளுக்கு. குத்தகை விவசாயிகளுக்காக வழக்காடுகிற வக்கீல், கவுன்சிலர். பதினைந்து வயதிலிருந்து என்னோடு தெருத் தெருவாகத் துண்டறிக்கை போட்டவள். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. அந்த மூன்று பேரில் எம்.பி. ஆகத் தகுதி இருந்தது அவளுக்குத்தான். ஆசையும் இருந்தது, சின்ன வயதிலிருந்தே. யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், என் மகளாக இருந்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருப்பேன்.

தேர்வுக் கூட்டத்துக்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. மூன்று பேரிடமும் அதே கேள்விகளைத்தான், அதே வரிசையில் கேட்க வேண்டும். ஒரு வார்த்தை கூடக்கூடாது, குறையக்கூடாது. கேள்விகளை முன்கூட்டியே தட்டச்சு செய்து வைப்பது ஏஜென்ட் வேலை. கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால் தொகுதிக் கட்சித் தலைவி ராசலிண்ட் கேட்டரால் என்னைத் தன் வீட்டுச் சமையலறைக்குக் கூப்பிட்டார். தேநீர் ஊற்றினார்.

"லென், ராசா, ஒரே ஒரு கேள்வி சேத்துக்கணும். 'உங்க குடும்பத்துல யாராவது கட்சிக்குப் பணம் குடுத்திருக்காங்களா, பதிலுக்கு ஏதாவது வாங்கியிருக்காங்களா?' தோர்ப் வென்ட் ஆளுங்க என்னைப் பிச்சுப் பிடுங்குறாங்க."

"அது செவானைக் குறி வெச்சுக் கேக்குற கேள்வி, மேடம்."

"எப்படி? மூணு பேர்கிட்டயும்தானே கேக்கப்போறோம்?"

மூன்று பேரிடமும் கேட்டால் நியாயம். எங்கள் ஊரில் அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது. வீட்டுக்குப் போய்த் தட்டச்சு செய்தேன்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூட மண்டபத்தில். இருநூறு பேருக்கு மேல். சர் ஜைல்ஸ் முதல் வரிசை. அதே வரிசையில் மூன்று நாற்காலி தள்ளி ஹேகோப், சலவை மடிப்புக் கலையாத கோட்டில். நான் மேடை ஓரத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

வங்கிக்காரரிடம் அந்தக் கேள்வி வந்தது. "போன வருஷம் கட்சி ஏலத்துல எங்கம்மா ஒரு பழ கேக்குக்கு நாப்பது பவுண்ட் குடுத்தாங்க. கேக் கிடைச்சுது. உள்ள வேகலை" என்றார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பண்ணைக்காரர், "எங்க தாத்தா காலத்துலேர்ந்து குடுக்குறோம். பதிலுக்கு ஒரு நல்ல மழைகூட வந்து சேரலை" என்றார். அதற்கும் சிரிப்பு. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் எங்களுக்குப் பணம் கொடுக்கிறது. அவர்களை நன்கொடையாளர் என்று யாரும் சொன்னதே இல்லை. அது குடும்பப் பழக்கமாம்.

பிறகு செவான். கேள்வி அதேதான், ஒரு வார்த்தை மாறவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

"எங்கப்பா குடுத்திருக்காரு. நிறையவே குடுத்திருக்காரு. பதிலுக்கு எதுவும் கேக்கலை" என்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான்: "அப்ப அந்த ரோடு? தானா நடந்து வந்துச்சா?"

ராசலிண்ட் மேசையைத் தட்டினார். செவான் கையைக் காட்டி, "இருக்கட்டும், சொல்லுறேன்" என்றாள். "அந்த ரோட்டை எங்கப்பா கேக்கலை. யாரோ அவருக்காகக் கேட்டிருக்காங்க. அது தப்புதான். நான் எம்.பி. ஆனா அந்த மாதிரி ஒரு கடிதம் என் கையெழுத்துல போகாது. யார் கேட்டாங்கன்னு என்னைவிட நல்லாத் தெரிஞ்சவர் இந்த மேடையிலயே இருக்காரு. லென், நீங்க சொல்லுங்க."

இருநூறு தலையும் என் பக்கம் திரும்பியது.

நான் எழுந்து நின்றேன். சர் ஜைல்ஸ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேகோப் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லிடுங்க, நீங்க சொன்னா நம்புவாங்க என்கிற மாதிரி. 'கடிதம் எழுதினது நான், அவர் கேட்கவே இல்லை.' இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கடிகாரம் என் கையில்தான் இருந்தது.

"விதி பதினாலு" என்றேன். "வேட்பாளர் தேர்வுல ஏஜென்ட் எந்தக் கருத்தும் சொல்லக்கூடாது."

ராசலிண்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாளைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். ஆனால் அவர் சொன்னது இது: "நடந்ததைச் சொல்லுறது கருத்து இல்லையே, லென். தலைவிங்கிற முறையில நான் அனுமதி குடுக்குறேன். தெரிஞ்சா சொல்லுங்க."

இருந்த ஒரே சாக்கும் போயிற்று. ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினெட்டு மாதம். கடிதம் வெளியே வந்தால் சர் ஜைல்ஸ் தப்பித்துக்கொள்வார், எழுதினவன் மாட்டுவான். இதெல்லாம் கணக்குப் போட்டேனா என்று கேட்டால், அந்த ஒரு நொடியில் அத்தனையும் போட்டேன்.

"இல்லைங்க மேடம், விதி விதிதான்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

செவான் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ ஒரு விஷயம் இப்போதுதான் விளங்கினது போலப் பார்த்தாள். ஓட்டெடுப்பில் மூன்றாவதாக வந்தாள். பண்ணைக்காரர் ஜெயித்தார்.

எல்லாரும் போன பிறகு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ மறுபக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. பார்த்தால் ஹேகோப், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு.

"விடுங்க, நான் பாத்துக்குறேன்" என்றேன்.

"இருக்கட்டும், மிஸ்டர் ப்ரூவெட்." ஒரு வரிசை முடித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்களுக்கு இன்னிக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குப் புரியுது. தெரிஞ்சும் பேச முடியலை. ஆனா விதியை மீறலை பாருங்க. நான் பிறந்த ஊர்ல தெரிஞ்சவனுக்காக எந்த விதியையும் மீறுவாங்க. இங்க மீற மாட்டாங்க. இந்த நாட்டுல எனக்குப் பிடிச்சதே அதுதான்."

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஐந்து வாரத்தில் பொதுத்தேர்தல் அறிவித்தார்கள். புது வேட்பாளரான பண்ணைக்காரர் அலுவலகத்துக்கு வந்து மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். "துண்டறிக்கைக்கே பணம் பத்தாது போலிருக்கே, லென். அந்த தாஷ்ஜியான்கிட்ட கேட்டுப் பாருங்க. அவரு மனசுல வெச்சுக்க மாட்டாரு, நல்ல மனுஷன்" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? போனை எடுத்தேன்.

செவான் எடுத்தாள்.

"தேர்தல் பணமா, லென்?"

"ஆமாம்மா."

"அப்பா தோட்டத்துல இருக்காரு, கூப்பிடுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அன்னிக்கு நீங்க பயந்துதான் பேசாம இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். அவர்கிட்ட சொல்லலை. விதிக்காகத்தான் இருந்தீங்கன்னு நம்பிக்கிட்டிருக்காரு. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பெருமையா சொல்லுறாரு. இந்த ஊர்ல அவருக்குன்னு ஒரே ஒரு சிநேகிதர் நீங்கதான். அதையும் இந்த வயசுல அவர்கிட்டேர்ந்து பிடுங்க எனக்கு மனசு வரலை. நீங்களும் சொல்லிடாதீங்க."

"செவான், நான்..."

"அப்பா! மிஸ்டர் ப்ரூவெட்!"

அவர் ஓடி வருகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்கியது.

"மிஸ்டர் ப்ரூவெட்! நீங்களா! நீங்க இனிமே கூப்பிடவே மாட்டீங்களோன்னு நினைச்சேன். சொல்லுங்க, எவ்வளவு வேணும்?"

நான் நன்கொடைப் படிவத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"பத்தாயிரம்" என்றேன்.