நாலாவது பாங்கு

றபீக்கா பச்சைப் பொத்தானை அமத்தி இருபது செக்கன்கூட ஆகவில்லை. கடற்கரைப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில், தொழுகைக்கு அழைக்கும் மோதினார் இருமினார்.

அந்த இருமல் ஊருக்கே தெரியும். இருமல், ஒரு மூச்சு, பிறகு பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு.

இப்போது வரக்கூடாத பாங்கு அது. முடிந்துவிட்டது என்று நம்பித்தான் அவள் பொத்தானை அமத்தியிருந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால், மேடையில், யானை பாடத் தொடங்கிவிட்டது. யானையின் கழுத்துக்குள் அவளுடைய புருசன் ஜவுபர் இருந்தான்.

*

முத்துக்கரைப் பூங்கா கல்முனைக்குத் தெற்கே கடற்கரை றோட்டில் இருக்கிறது. ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் எந்த ஊரிலும் உண்டு. இங்கே சனம் வருவது மிருகங்களுக்காக. யானை, கரடி, மயில், இரண்டு குரங்கு. உள்ளே இரும்பு எலும்பு, மேலே ரப்பர் தோல், கை கால் அசைவதெல்லாம் குழாயில் ஓடும் காற்றினால். மலேசியாவில் மூடிப்போன ஒரு பூங்காவிலிருந்து கப்பலில் வந்தவை. வந்த புதிதில் மலாய் பாடின. இப்போது தமிழில் பாடுகின்றன. யானைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஆனை மாமா. வேலையாட்கள் வைத்தது பெரியவர்.

மிருகங்களைத் திருத்துவது ஜவுபர். வாசலுக்கு மேலே உள்ள கண்ணாடி அறையில் இருந்து அவற்றை ஆட்டுவிப்பது றபீக்கா.

பாங்கு நேரத்தில் பாட்டு இல்லை. அதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஒட்டத் தேவையுமில்லை. பூங்காவுக்கு மூன்று பள்ளிகளின் பாங்கு கேட்கும். முதலில் றோட்டுப் பள்ளி. ஒரு நிமிடம் பிந்திச் சந்தைப் பள்ளி. எப்போதும் கடைசியாகக் கடற்கரைப் பள்ளி. அந்த மோதினாருக்கு முழங்கால் வருத்தம், மைக்குக்கு வந்து சேரவே நேரமெடுக்கும். மூன்றும் முடிய ஏழு நிமிடம் போகும்.

அந்த ஏழு நிமிடத்தை ஜவுபர் தன்னுடைய வேலை நேரமாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"மூண்டாவது பாங்கு முடியுமட்டும் பெரியவர் எனக்கு. முடிஞ்சா ஒனக்கு," என்பான்.

முறைப்படி செய்வதென்றால் தலைக்கு இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே தலை போட வேண்டும். குழாயில் காற்று இருக்கும்வரை யானையின் தலை மேலே நிற்கும். காற்றுப் போனால் இருநூற்றைம்பது கிலோவும் கீழே வரும். ஆனால் முட்டுக் கொடுக்கவே ஐந்து நிமிடம் பிடிக்கும். இரண்டு பாட்டுக்கு இடையில் நிறுத்தி வைத்தால் காற்றுப் போகாது. அதனால் இரண்டு வருடமாக ஜவுபர் முட்டுக் கொடுத்ததில்லை.

இன்றைக்கும் மூன்று இருபதுக்கு மேடைக்குப் பின்னால் போக எழும்பினான்.

"போனைக் கொண்டு போங்க மச்சான்."

"இரும்புக்குள்ள சிக்னல் எடுக்காது புள்ள. நீ காதைத் தொறந்து வெச்சிக்க, அதுவே காணும்."

"என்ட காதுக்கு என்ன? பெரியவர்ட காதுதான் மூணு கிழமையா ஆடல்ல."

"அதுக்குத்தானே போறன். சின்னன்கள் கேக்குதுகள், ஆனை மாமாக்குக் காதுக் குத்தா எண்டு. வலப்பக்கக் குழாய் கழண்டு கிடக்கு. மாட்டிட்டு வாறன்."

றோட்டுப் பள்ளியில் பாங்கு தொடங்கியதும் அவன் யானையின் முதுகுக் கதவுக்குள் புகுந்தான். பின்பக்கக் கமராவில் அவனுடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. றபீக்கா எண்ணினாள். ஒன்று, றோட்டுப் பள்ளி. இரண்டு, சந்தைப் பள்ளி.

மூன்றாவது பாங்கு அறைக்குக் கீழே, வாசல் பக்கமிருந்து வந்தது. கணீரென்ற, இளம் குரல். இன்றைக்கு மோதினார் வேறு ஆள் போல என்று நினைத்தாள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாளில் கடற்கரைச் சத்தம் இப்படித் திசை மாறி வருவதும் உண்டுதானே.

வாசலில் பொத்துவிலிலிருந்து வந்த ஒரு வேன் நின்றதையும், சாரதியின் போனில் பாங்கு நேரத்துக்குத் தானாக அடிக்கும் செயலி இருந்ததையும், அந்தப் போன் வேனின் பெரிய ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததையும் அவள் எப்படி அறிவாள்? மூன்று எண்ணியாயிற்று. கீழே நானூறு பேர். பிள்ளைகள் கதிரையில் ஏறி நிற்கின்றன.

பச்சையை அமத்தினாள்.

வேனின் சத்தம் எட்டாத யானைக்குள் இருந்தவன் இரண்டுதான் எண்ணியிருந்தான்.

*

*வட்டை வரம்பால ஆனை வந்திச்சாம்*
*வாழைக் குலைக்கு ஆசை வந்திச்சாம்*

யானையின் வலது காது ஆடியது. மூன்று கிழமைக்குப் பிறகு. பிள்ளைகள் கூச்சல் போட்டுக் கைதட்டின. காது ஆடுகிறது என்றால் குழாயை மாட்டிவிட்டான். மாட்டிய கை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கமராவில் கால்கள் ஒருதரம் பின்னுக்கு இழுத்தன. பிறகு நின்றுவிட்டன. யானையின் கழுத்து வலப்பக்கம் திரும்பியிருந்தது. கழுத்து இரும்புக்கும் தோள் இரும்புக்கும் நடுவில் கை அகப்பட்டிருக்க வேண்டும்.

அவளுக்கு முன்னால் இரண்டே பொத்தான்கள். பாட்டு ஓடத் தொடங்கினால் பச்சை வேலை செய்யாது. இடையில் நிறுத்தி வைக்க வழியில்லை. சிவப்பை அமத்தினால் எல்லாம் நிற்கும், காற்றும் போகும், தலை விழும். பாட்டை முழுதாக ஓடவிட்டாலோ, கடைசியில் ஆனை மாமா குனிந்து பிள்ளைகளுக்கு ஸலாம் சொல்வார், அப்போதும் அந்தத் தலை அவன் மேலேதான் இறங்கும். அதற்கு இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் பாட்டின் இரண்டாவது அடி வரும். அதில் கழுத்து இடப்பக்கம் கிறுகும். இரும்பு விலகும். ஜவுபருக்கு அந்த ஆட்டமெல்லாம் மனப்பாடம். விலகிய உடனே கையை உருவிக்கொண்டு வந்துவிடுவான்.

இன்னும் எழுபது செக்கன். அதுவரைக்கும் பாட்டு நிற்கக்கூடாது. அவ்வளவுதான்.

முன்வரிசையில் ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு ஆண்கள். கடற்கரைப் பள்ளிப் பாங்கு நிதானமாக, தெளிவாக வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே யானை வாழைக்குலை கேட்டுப் பாடியது.

"பாங்கு சொல்ற கேக்கல்லியா மேலுக்கு?"

"நிப்பாட்டுங்க புள்ள. என்ன வேல இது?"

றபீக்கா சின்ன ஜன்னலை இழுத்துத் திறந்தாள். "உள்ளுக்கு ஆள் இருக்கு. நிப்பாட்ட ஏலா." அவளுடைய சத்தம் ஸ்பீக்கருக்கு முன்னால் எடுபடவில்லை. மைக் மேடையில் இருந்தது.

வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் இரும்புப் படியில் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"மனேஜர் எங்க?"

"பள்ளிக்கிப் போயிட்டார், ஹாஜியார்."

"நல்ல மனேஜர். அவர் பள்ளியில, அவர்ட ஆனை பாங்குக்குப் போட்டியாப் பாடுது. நிப்பாட்டு மகள்."

"ஆனைக்குள்ள என்ட மாப்பிள்ள இருக்கார். நிப்பாட்டினா தலை அவருக்கு மேல விழும். இன்னும் ஒரு நிமிசம். கெஞ்சிக் கேக்கன்."

ஹாஜியார் கமராவைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. "யா அல்லாஹ்," என்றார், மெதுவாக. படியின் தலைக்குப் போய்ச் சனத்தைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தி, பொறுங்க பொறுங்க என்று காட்டினார். கீழே யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் கீழே வாசலடியைப் பார்த்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இராசதுரையை.

காரைதீவு ஆள், சைவக்காரர். பூங்கா தொடங்கிய நாளிலிருந்து வாசல் காவல். பூங்கா முழுவதுக்குமான மெயின் சுவிச் வாசல் மதிலின் மறுகோடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. அதன் திறப்பு, சாவிக்கொத்தோடு, அவருடைய இடுப்பில்.

அவர் ஒருநாள் அவளிடம் சொல்லியிருந்தார்: "பாங்கு நேரம் இஞ்ச ஒரு சத்தம் வந்தா, உங்கட ஆக்கள் உங்கள ஏசுவாங்க, அதோட முடிஞ்சிரும். என்னைப் பத்தித்தான் வேற கதை வரும் தங்கச்சி. அவன் பாத்துக்கொண்டு நிண்டவன் எண்டு. எனக்கு அந்தக் கதை வேணாம்."

இப்போது அவர் பெட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஓடவில்லை. பாங்குக்கு மரியாதையாகக் காவல் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேகமாக நடந்தார்.

றபீக்கா வாசல் தொலைபேசிக்கு அடித்தாள். வெறும் கதிரைக்குப் பக்கத்தில் அது அடித்தது. நாற்பது செக்கன்.

வெளியே பாய்ந்தாள். இடப்பக்கம் மேடை. சனத்துக்குள்ளால் ஓடினால் ஒரு நிமிடத்துக்கு மேல். வலப்பக்கம் மதில் கோடி. அதற்கும் அவ்வளவுதான். படியின் தலையில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, குறுக்கும் நெடுக்குமாக வீசினாள். வேணாம் அண்ணன். வேணாம். தொண்டை கிழியக் கத்தினாள். ஹாஜியாரும் பக்கத்தில் நின்று கைகளை வீசினார்.

இராசதுரை நிமிர்ந்து பார்த்தார்.

கண்ணாடி அறைப் பிள்ளை பதறிப்போய் நிற்கிறாள். நிப்பாட்டு நிப்பாட்டு என்று கை காட்டுகிறாள். மேலே ஏதோ பழுது, அவளால் பாட்டை நிறுத்த முடியவில்லை. அவருக்கு அப்படித்தான் விளங்கியது. விளங்கிவிட்டது என்று ஒரு கையை உயர்த்திக் காட்டினார். அப்போதுதான் ஓடத் தொடங்கினார்.

இருபத்தைந்து செக்கன். பெட்டி திறந்தது.

பாட்டு ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது. ராட்டினம் நின்றது. மேடையில் காற்று சீறிப் போகும் சத்தம். ஆனை மாமாவின் தலை மெதுவாக, மிக மெதுவாக, யாருக்கோ ஸலாம் சொல்வதுபோலக் குனிந்தது.

நானூறு பேரும் அமைதியானார்கள். ஆறுதலான ஒரு அமைதி. சிலர் பாங்குக்குப் பதில் சொல்ல உதட்டை அசைத்தார்கள். ஒரு தகப்பன் கேள்வி கேட்ட பிள்ளையின் வாயை மெல்லப் பொத்தினான். பாங்கு மட்டும் கேட்டது.

அந்த அமைதிக்குள் றபீக்கா ஓடினாள்.

*

"உள்ளுக்கு ஆள் இருக்கு," என்றாள் முதல் வரிசையிடம். இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் விளங்கியது. பிறகு யாருக்கும் எதையும் சொல்லத் தேவைப்படவில்லை. சற்று முன் அவளை ஏசியவர்கள்தான் முதலில் மேடைக்குப் பாய்ந்தார்கள்.

ரப்பர் தோல் வழுக்கியது. பிடிக்க இடமில்லை. இராசதுரை மூச்சிரைக்க வந்து கால்களைக் கண்டார்.

"போடட்டா? மெயினைத் திருப்பிப் போடட்டா தங்கச்சி?"

"வேணாம். கரண்ட் வந்தா முதல் வேலையா அது தலையை ரெண்டுதரம் ஆட்டிப் பாக்கும்."

அவர் தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பிறகு தும்பிக்கைக்குக் கீழே முதுகைக் கொடுத்தார். பதினொரு பேர் தோள் கொடுத்தார்கள். தலை ஒரு சாண் எழும்பியது. மறுகா இன்னொரு சாண். ஹாஜியார் தொப்பி விழ, கதவுக்குள் பாதி உடம்பைவிட்டு ஜவுபரின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். றபீக்கா கால்களைப் பிடித்திருந்தாள். கால் சூடாக இருந்தது. அதை மட்டும் நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது ஜவுபர் கண் திறந்திருந்தான். தலையில் கீறல்கூட இல்லை. வலது கையை யாரோ உடனே தன் சாரனைக் கிழித்துச் சுற்றினார்கள், அவள் பார்க்காதபடி.

"மூண்டாவது முடியல்லியே றபீ," என்றான்.

"ஓம்."

"நான் பிழையா எண்ணிட்டனோ?"

"இல்ல மச்சான். நீங்க சரி."

அம்புலன்ஸ் வந்தது.

*

ஆஸ்பத்திரியில் தாதி மிஸ்ஸி ஒரு தாளோடு வந்தா. வீரமுனைப் பக்கத்துப் பிள்ளை, சின்ன வயது.

"முழங்கைக்குக் கீழ எடுக்கோணும் அக்கா. டொக்டர் சொல்லிட்டார்."

"வேற ஒண்டும் செய்ய ஏலாதா?"

"ரத்த ஓட்டம் இல்ல. சுணங்கினா இன்னும் மேல எடுக்க வரும்."

"அவர் முழிச்சாப் பிறகு ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"ஊசி போட்டாச்சு. நீங்கதான் சைன் வைக்கோணும்."

வராந்தாச் சுவரோடு இராசதுரை நின்றார். மூன்று மணித்தியாலமாக உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை.

"நீங்க கை காட்டினீங்க," என்றார். "நான் நிப்பாட்டச் சொல்றீங்க எண்டு…"

"தெரியும் அண்ணன்."

"ஏசுங்க தங்கச்சி. ஒரு வார்த்தை ஏசுங்க."

"பச்சையை அமத்தினது நான்."

அவர் தலையை ஆட்டினார், இல்லை இல்லை என்று. அவளும் ஆட்டினாள். ஆளுக்காள் அந்தப் பழியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். இழுத்து என்ன, உள்ளே கத்தி காத்துக்கொண்டிருந்தது. வாங்கில் இருந்த ஹாஜியார், "அல்லாஹ்ட நாட்டம் மகள்," என்றார்.

மிஸ்ஸி பேனையை நீட்டினா.

"இதில பேர். இதில உறவு முறை. இந்த இடத்தில எந்தக் கை எண்டு நீங்களே எழுதுங்க. நாங்க எழுதக்கூடாது."

பேர் எழுதினாள். மனைவி என்று எழுதினாள். மூன்றாவது கோட்டில் பேனை நின்றது. யானையின் முகத்தைப் பார்த்து நின்றால் ஒரு பக்கம், முதுகுக் கமராவில் பார்த்தால் மறுபக்கம். தெரிந்த விசயம்தான். ஆனால் இந்த நேரத்தில் எதையும் நம்ப அவளுக்குப் பயமாக இருந்தது.

"கெதியா அக்கா."

றபீக்கா தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி ஒருதரம் பார்த்தாள். பிறகு 'வலது' என்று எழுதினாள்.

மிஸ்ஸி தாளை வாங்கிக்கொண்டு ஓடினா.