நாத்தனார் பாடினால் எண் ஏறும்

"நான் பாடினேன்னா போதும், என் தம்பி மகன் மூளையில ஆக்சிஜன் குபுகுபுன்னு ஏறும். டாக்டருங்க மெஷினையெல்லாம் ஓரங்கட்டிட்டு எனக்குத்தான் ஆள் அனுப்புவாங்க!"

இப்படி முழங்கியவள் பேருந்து கண்டக்டர். அவள் "முன்னாடி நகருங்க" என்று ஒரு குரல் கொடுத்தால், பின்னால் வரும் பேருந்திலும் ஆட்கள் முன்னாடி நகர்வார்கள். அந்தத் தொண்டையில் பாட்டா! கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். முகத்துக்கு நேராக "பொய்" என்று சொன்னவள் ஒருத்திதான். அவளுடைய தம்பி பெண்டாட்டி.

வீட்டில் அவளுக்கு 'தராசு' என்று பெயர். லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண் நின்றால் நின்றதுதான்; டிரைவர் காலில் விழுந்தாலும் ஒரு கிலோ இறங்காது. மனுஷன் பொய் சொல்வான், எண் சொல்லாது என்பது அவள் வேதம். மலையையே நிறுத்துப் பார்த்த அந்தப் புண்ணியவதிக்கு, மூன்று மாதத்துக்கு மேலேயே முந்திக்கொண்டு பிறந்த பிள்ளை முக்கால் கிலோ. அதனால் அவன் பெயரும் 'முக்கால்' ஆயிற்று.

அப்பன்காரன் கப்பல் வேலையில் நடுக்கடலில் இருந்தான். எனவே குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குள் நுழைய அனுமதி இரண்டு பேருக்கு: தராசுக்கும், அவள் நாத்தனாரான நம் கண்டக்டருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கால் கிடந்தான். நெற்றியில் தபால்தலை அகலத்துக்கு ஒரு பட்டை, அதிலிருந்து ஒயர், ஒயரின் மறுமுனையில் ஒரு எண்.

"மூளைக்குப் போற ஆக்சிஜன் போதுமான்னு இது காட்டும்," என்றாள் நர்ஸ். "ரொம்ப நேரம் இறங்கியே இருந்தாத்தான் கவலை. சும்மா ஏறும், இறங்கும். அதையே பார்த்துட்டு இருக்காதீங்க."

"பின்னாடி நடப்பானா? பேசுவானா?"

"அதை இந்த எண் மட்டும் வெச்சு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ரெண்டு வயசுல பார்த்துதான் சொல்வாங்க."

'இறங்கியே இருந்தா' என்பதுதான் தராசின் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

வினை அங்கேதான் முளைத்தது. தராசு பெட்டிக்குள் கையை விட்டால் எண் சறுக்கும். நாத்தனார் வேலை முடிந்து வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, பெட்டியின் ஓட்டைப் பக்கம் வாயை வைத்து என்னத்தையோ முனகினால் எண் படியேறும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும் இதே கூத்து. தராசின் வயிறு எரிந்த எரிச்சலில் மருத்துவமனை முழுவதற்கும் வெந்நீர் போட்டிருக்கலாம்.

"பாத்தியா தராசு? அத்தைன்னா அவனுக்கு உசிரு!"

"மெதுவா பேசுங்க அண்ணி. மத்த குழந்தைங்க தூங்குது."

"நான் எங்க பேசினேன்? பாடுறேன்."

"அதைத்தான் நிறுத்தச் சொல்றேன்."

வெளியே இப்படி வாய்த்துடுக்கு. உள்ளே அவள் நொறுங்கிக்கொண்டிருந்தாள். முழுசாகச் சுமக்காத அம்மாவைப் பிள்ளையின் மூளையே நிறுத்துப் பார்த்து, 'இவள் வேண்டாம், அத்தை போதும்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டதோ? அப்படி இறங்கி இறங்கி அவன் நடக்காமலே போய்விட்டால், அதுவும் தன் கை பட்டதால்தானோ?

பொறாமைக்கு மூளை வேகமாக வேலை செய்யும். மறுநாள் தராசு தேன் தடவிய குரலில் சொன்னாள்: "இன்னிக்கு டயப்பர் நீங்க மாத்துங்க அண்ணி. எனக்குக் கை வலி."

அதுவரை துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, மாற்றுவது எல்லாம் அவள் வேலை. வீட்டுக்குப் போனபின் உதவிக்கு ஆள் வேண்டுமே என்று நர்ஸும் தலையாட்டினாள். நாத்தனாருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. டிக்கெட் கிழித்த விரல்களால், பூவைவிட மெல்லிய அந்தக் கால்களைச் சற்றே உயரத் தூக்கிவிட்டாள்.

எண் சறுக்கியது.

"இறங்குது அண்ணி," என்றாள் தராசு. அவ்வளவு இனிப்பான சொல்லை அவள் நாக்கு அதுவரை உச்சரித்ததே இல்லை.

ஆனால் எண் நிற்கவில்லை. தராசின் கையில் இறங்கியதைவிடக் கீழே போயிற்று. மணி அலறியது. நர்ஸ் வந்து கால்களைத் தாழ்த்தி, சாய்ந்திருந்த தலையை நேராக்கினாள். எண் விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஊரையே முன்னாடி நகர்த்தும் நாத்தனார், தானே ஓரடி பின்னாடி நகர்ந்தாள். கண்ணிலிருந்து கொட்டியது.

தராசு அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாடுங்க அண்ணி! கல்லு மாதிரி நிக்காதீங்க, பாடுங்க!"

சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், ஓட்டை வண்டி மேடேறுவதுபோல ஒரு முனகல் வந்தது. எண் ஒன்று ஏறியது. இன்னொன்று. பிறகு மளமளவென்று.

நர்ஸ் மணியை அணைத்துவிட்டுத் தராசின் பக்கம் திரும்பினாள். "யார் மாத்தினாலும் இறங்கத்தான் செய்யும். தொட்டுப் புரட்டினா இத்தனூண்டு உடம்புக்கு அது பெரிய வேலை. எல்லாத்தையும் நீங்க செய்யறீங்க, உங்க கையில இறங்குது. இவங்க வர்றப்ப அவன் ஓய்வா கிடக்கான்."

ஓடுகிற லாரியை எடை போடக் கூடாது என்று பாதி உலகத்துக்குப் பாடம் எடுத்தவள், ஓடிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்துத் தன்னையே எடை போட்டிருந்தாள்.

அதற்காகப் பொறாமை செத்துவிடுமா? வீடு வந்து, முக்கால் முழுக் கிலோவாகி, பல கிலோவாகியும் அவள் கட்சி மாறவில்லை. "நர்ஸ் தலையை நேரா வெச்சாங்க, ஏறுச்சு. பாட்டா? எந்தப் பாட்டு?"

பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணி இரண்டு வயதானபோது சோதனைக்குக் கூப்பிட்டார்கள். முக்கால் கட்டைகளை அடுக்கினான். அடுக்கியதை டாக்டரின் மடியில் தள்ளினான். படத்தில் நாயைக் காட்டச் சொன்னால் நாயைக் காட்டி, டாக்டரையும் காட்டினான்.

"நடை, கைவேலை எல்லாம் வயசுக்குச் சரி," என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே. "பேச்சு கொஞ்சம் பின்தங்கியிருக்கு. பயிற்சி குடுப்போம்."

நாற்காலியிலிருந்து இறங்கிய பையன், கையை விரித்து நின்ற அத்தையைத் தாண்டி ஓடி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான்.

"துரோகி!" என்றாள் நாத்தனார்.

தராசு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள். அவ்வளவு பெருமிதம்.

வெளியே வராந்தாவில் நாத்தனார் பழைய முழக்கத்தைத் தொடங்கினாள். பக்கத்தில், பால் புட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்த ஒரு பெண். அவள் பிள்ளை அதே குறைமாத வார்டில் இருந்தது. கேட்டுச் சிரித்தவளின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நிஜமாவா அக்கா? நான் கை வெச்சாலே எண் இறங்குது. என்னைப் பிடிக்கலையோ என்னமோ..."

நாத்தனார் தராசைப் பார்த்தாள்.

"டயப்பர் யார் மாத்தறது?" என்று கேட்டாள் தராசு.

"நான்தான்."

"அப்ப இறங்கும். வேலை செய்யற கைக்கு அது இறங்கத்தான் செய்யும். நர்ஸைக் கேட்டுப் பாரு."

"சரி, பாட்டு?"

"நர்ஸ் தலையை நேரா வெச்சாங்க," என்று வழக்கம்போல் ஆரம்பித்தாள் தராசு. நாத்தனாரின் முகம் தொங்கியது. தராசு காலைக் கட்டி நின்ற பையனின் தலையைத் தடவினாள்.

"வெச்சும் எண் கிடந்த இடத்துலயே கிடந்துச்சு. அப்புறம் இவங்க பாடினாங்க. ஏறுச்சு. பாடச் சொல்லிக் கெஞ்சினதே நான்தான்."