அறுபத்தேழுக்குப் பிறகு

1

இந்தக் கதை பிறந்ததே ஒரு தவறில். தவறு செய்தவன் நான்.

2007ஆம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பூரில் ஒரு நீச்சல் குளத்தின் கரையில் உட்கார்ந்து, அனுசுயா நீந்தும் லேப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை போனால் ஒரு லேப். அறுபத்தேழு வரை சரியாக எண்ணினேன். அப்போது பார்த்து ஒரு கதையின் முதல் வரி தோன்றிவிட்டது.

(அந்த வரி: ‘தண்ணீருக்குள் அவள் ஒரு...’ வேண்டாம். இதற்காகவா எண்ணிக்கையை விட்டேன் என்று இப்போது கூச்சமாக இருக்கிறது.)

2

‘அனுசுயா பிறவியிலேயே துணிச்சல்’ என்று தொடங்கி, அடித்துவிட்டேன். பொய். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் அவர். பஞ்சுத் தூசியில் மூச்சிரைப்பு வந்து, டாக்டர் நீந்தச் சொன்னதால் குளத்துக்கு வந்தவர். முதல் வாரம் பாதி லேப்பிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.*

இரண்டு வருடம் கழித்து, நூறு லேப் அடிக்கப் போவதாகச் சொன்னார். கரையேறாமல் நூறு முடித்தவர்களின் பெயரைக் குளத்துப் பலகையில் எழுதுவார்கள். பதினோரு பெயர் இருந்தன. ஒன்றுகூடப் பெண் பெயர் இல்லை. எண்ணுவதற்குக் கரையில் ஓர் ஆள் வேண்டும் என்பது விதி. அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

*அழவில்லை, கண்ணில் குளோரின் என்கிறார். இருவர் சொல்வதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

3

நான் கதையிலிருந்து மீண்டபோது அவர் எதிர்முனையில் திரும்பிக்கொண்டிருந்தார். எழுபத்து மூன்று என்று நானாக வைத்துக்கொண்டு மேலே எண்ணினேன். நூறு வந்தது. கையைத் தூக்கினேன். அவர் சுவரைப் பிடித்து, நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“நூறு ஆச்சுங்ளாண்ணா?”

“ஆச்சுங்க.”

குளத்துக் காவலர் அந்தோணிராஜ் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்கு நடந்தார்.

4

இங்கேயே முடித்து ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். பெயர் ஏறுகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. சுபம். ஆனால் அந்தப் பிரதியில் அனுசுயாவின் முகத்தை என்னால் எழுதவே முடிய...

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

“அனுசுயா, நடுவுல ஒரு அஞ்சாறு தப்பிப் போச்சுங்க. நூறுன்னு நெசமாச் சொல்ல முடியாதுங்க.”

அந்தோணிராஜின் கை நின்றது. அனுசுயா என்னையே பார்த்தார். இரண்டு வருட உழைப்பு. திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீரை ஓங்கி அறைந்து சிரித்தார்.

“நானும்தானுங்ண்ணா! டஜன் டஜனா எண்ணீட்டு வந்தேன். ஆறாவது டஜன்ல, ஊட்டுல கேஸ் அடுப்ப அணைச்சனான்னு ரோசன வந்துருச்சு. அண்ணன் எண்ணறாருல்லன்னு வுட்டுப்போட்டனுங்க.”

“அக்கா இன்னும் கரையேறலல்லா?” என்றார் தூத்துக்குடிக்காரரான அந்தோணிராஜ். “பத்து சேத்து அடிச்சிருங்க. அப்புறம் எவன் கேக்கப் போறான்?”

“பத்தென்னுங்க பத்து! முழுசா ஒரு டஜனே போட்டர்லாம்.”

கண்ணாடியை இறக்கினார். சுவரை உதைத்துக் கிளம்பினார்.

5

இந்த முறை நான், அந்தோணிராஜ், குளிக்க வந்தவர்கள் எல்லோரும் சத்தம் போட்டு எண்ணினோம். பத்து. பதினொன்று. பன்னிரண்டு! அந்தோணிராஜ் பலகையில் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டார். “அக்கா, போதும், ஏறி வாங்க!” என்று கத்தினோம்.

காதில் தண்ணீர். கேட்கவில்லை. சுவரைத் தொட்டு, திரும்பி, பதிமூன்றாவதற்குப் போய்விட்டார். மூச்சிரைப்பு இல்லை, அவசரமும் இல்லை.

அவரைக் கரையேற்றும் வாக்கியத்தை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் நீங்கள் கூப்பிடுங்கள்.